ஏழாம் நம்பர் பனியன்

மரக்காணம் கடைத்தெருவில் ஜஹாங்கீர் நடத்திக்கொண்டிருந்தது படங்களுக்குக் கண்ணாடியும் ஃபிரேமும் போடும் கடை. சாமி படம், செத்தவர் படம், கல்யாண போட்டோ, பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ என்று எது வந்தாலும் அளந்து, அறுத்து, ஆணியடித்துக் கொடுப்பார். அது வயிற்றுப் பிழைப்பு. அவர் உயிரை வைத்திருந்தது வேறொன்றில். உப்பளத்தை ஒட்டிய மைதானத்தில் வாலிபால் ஆடும் பிள்ளைகளுக்கு அவர்தான் ஸ்கோர் போடுகிறவர். ஆள் குட்டை என்பதால் ஆட்டம் அவருக்கு வரவில்லை. ஆனால் ஒரு மேட்ச் விடமாட்டார்.

மேட்ச் முடிந்ததும் யாரிடமாவது எதையாவது கேட்டு வாங்கிக்கொள்வார். வெடித்த பந்து, அறுந்த நெட்டில் ஒரு துண்டு, முட்டியில் போடும் உறை, ஃபைனலில் போட்ட ஜெர்சி. எல்லாவற்றையும் பின்னறை அலமாரியில் வைத்து, எந்த வருஷம், எந்த ஊர், யார் என்று துண்டுச் சீட்டு ஒட்டுவார். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அது வெளியே வரும். வெல்வெட்டு வைத்து, கண்ணாடி போட்டு, மேடையில் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தோணிசாமி ஒருமுறை விரல் முறிந்தும் கட்டோடு முழு மேட்ச் ஆடியிருந்தான். அந்த மூங்கில் சிம்பையும் அழுக்குத் துணியையும் அவன் கல்யாணத்தில் ஃபிரேமுக்குள் பார்த்தபோது பெண் சிரித்தாள். அந்தோணிசாமி அழுதுவிட்டான். அதற்குப் பிறகு, பாய் நமக்கு எதை எடுத்து வைத்திருக்கிறாரோ என்று ஒவ்வொருத்தனும் தன் கல்யாணத்துக்குக் காத்திருந்தான்.

அவர் மனைவி மெஹரூன்னிசாவுக்கு அந்த அலமாரிப் பக்கம் போகவே பிடிக்காது. அத்தனை வேர்வை நாற்றம். துவைத்தாவது வையுங்கள் என்று பலமுறை சொல்லிப் பார்த்தாள். "தொவைச்சா அது வெறும் துணி, மெஹர். தொவைக்காம இருந்தாத்தான் அது மேட்ச்" என்பார் ஜஹாங்கீர். முணுமுணுத்தாலும் டீமுக்கு நம்பர் வெட்டித் தைத்துக் கொடுப்பதென்னவோ அவள்தான். பாண்டிச்சேரியில் மொத்தமாக வாங்கி வந்த நீல ஜெர்சிகளுக்கு மஞ்சள் துணியில் நம்பர் வெட்டி, தன் மிஷினில் வைத்து ஓட்டுவாள்.

ஏழாம் நம்பர் சிங்காரத்துடையது. எக்கியார்குப்பத்துப் பிள்ளை. அம்மா சிறுவயதிலேயே போய்விட்டாள். அப்பா பெயர் அப்பாவு, அவர்தான் வளர்த்தார். நெட்டுக்கு மேலே அவன் எழும்பினால் இறங்குவதற்குள் ஒரு பீடி பற்ற வைத்துவிடலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். 2004 பொங்கலுக்கு நடந்த ஃபைனலில் பந்தைத் துரத்திப் போனவன் இரும்புக் கம்பத்தில் மோதினான். புருவம் பிளந்து, கழுத்துப் பட்டியெல்லாம் ரத்தம். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். அந்த மேட்ச்சை ஜெயித்தும் கொடுத்தான். ஜஹாங்கீர் அங்கேயே தன் சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டு, அந்த ஜெர்சியை வாங்கி மடித்துக்கொண்டார். வெறும் உள்பனியனோடு சைக்கிள் மிதித்து வீடு வந்த மனிதரைப் பார்த்து மெஹரூன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வருஷமே சிங்காரத்துக்குக் கல்யாணம் ஆனது. ஆனால் மேடையில்லை, பந்தலில்லை. ஸ்போர்ட்ஸ் சர்ட்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்க வானூருக்குப் போன இடத்தில், அந்த ஜெராக்ஸ் கடையில் வேலை செய்த சத்யப்ரியாவோடு பழக்கமாகிவிட்டது. அவள் வானூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கடற்கரைக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று அவள் அப்பா நின்றார். ரெண்டு பேரும் மயிலம் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சத்யப்ரியா உண்டானதும் அவள் அம்மா இறங்கி வந்தாள், பிறகு அப்பாவும் இறங்கினார். தை மாதத்தில் ரிசப்ஷன் வைத்துக்கொள்ளலாம் என்று ரெண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள். ஜஹாங்கீர் ஏழாம் நம்பரை எடுத்தார். கழுத்துப் பட்டியில் ரத்தம் காய்ந்து பழுப்பேறியிருந்தது. அந்தக் கறை தெரியும்படி விரித்து, கருஞ்சிவப்பு வெல்வெட்டின் மேல் பொருத்தி, சட்டம் அடித்து, செய்தித்தாளில் சுற்றிக் கடையில் சாய்த்து வைத்தார்.

தை வருவதற்கு முன்னால் கடல் வந்துவிட்டது.

அது ஞாயிற்றுக்கிழமை காலை. வாந்தி நிற்கவில்லையென்று சத்யப்ரியாவை அவள் அம்மா முந்தின வாரமே வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள். அப்பாவு இன்ஜின் ஆயில் வாங்குவதற்காக மரக்காணத்துக்கு வந்திருந்தார். சிங்காரம் கரையில் உட்கார்ந்து வலையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தான். நனைந்த துணியோடு ஜனங்கள் மெயின்ரோட்டை நோக்கி ஓடிவந்தபோது என்னவென்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். ஜஹாங்கீர் கடையைச் சாத்தாமலே ஓடினார். அன்று முழுக்க, மறுநாள் முழுக்க, முள்ளுக்குள்ளிருந்தும் மணலுக்கு அடியிலிருந்தும் எடுத்த உடல்களை டிராக்டரில் ஏற்றினார். ஒவ்வொன்றையும் அப்பாவு குனிந்து பார்த்தார். சிங்காரம் கிடைக்கவில்லை. பிறகும் கிடைக்கவில்லை.

பள்ளிவாசலில் சோறாக்கிக் குப்பத்து ஜனங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பொங்கல் நெருங்கிய ஒரு மத்தியானம், அங்கே சாப்பிட வந்த அப்பாவு சாப்பிடாமல் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. மகனுக்குக் கருமம் செய்ய ஊரில் நாள் குறித்துவிட்டார்கள். உடல் இல்லாததால் வைக்கோலில் உருவம் செய்து, அவன் துணியை அதற்குப் போட்டு, அதைக் கொளுத்த வேண்டும். வீடு இருந்த இடத்தில் இப்போது சிமெண்டுத் தரை மட்டும்தான் இருந்தது.

"அவனுது ஒரு கைலி கூட இல்ல பாய். ரோட்டுல மலையாட்டம் துணி கொட்டி வெச்சிருக்காங்க, எந்தெந்த ஊர்லருந்தோ வந்தது. அதுல ஒண்ண எடுத்துப் போடுன்றாங்க. எவன் துணியோ அது. அதப் போட்டுக் கொளுத்துனா எவனுக்கோ போய் சேரும். எம் புள்ளைக்கு எப்பிடிப் போய் சேரும்? உங்கிட்ட அவன் ஏழாம் நம்பர் பனியன் இருக்குதில்ல. அதக் குடு."

கொடுக்காமல் என்ன, நாளைக்குப் பிரித்து எடுத்து நானே கொண்டுவருகிறேன் என்றார் ஜஹாங்கீர். அப்பாவு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் சத்யப்ரியா வந்து இறங்கினாள். கூட அவள் அம்மா. இதற்குள் விஷயம் வானூர்ப் பக்கம் போயிருந்தது. வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. கண் உள்ளே போய், தலை வாரியே பல நாள் ஆனவள்போல் இருந்தாள். ஆணி கழற்றுவதற்காகக் காகிதத்தை எடுத்துச் சாய்த்து வைத்திருந்த ஃபிரேமை வந்ததும் பார்த்துவிட்டாள். அதன் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணா, இத எங்க கல்யாணத்துக்குன்னுதான வெச்சிருந்தீங்க? அப்ப இது எனக்கும் சேர்ந்ததுதான? நாகப்பட்டினத்துல ஆஸ்பத்திரில பேர் தெரியாம எத்தினியோ பேர் கெடக்குறாங்களாம். நாளைக்கு அவுரு வந்து நின்னு, என்னைய எரிச்சிட்டியான்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? நீங்க இதக் குடுத்தீங்கன்னா அவுரு செத்துட்டார்னு நீங்களே சொன்ன மாதிரி."

அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். ஜஹாங்கீருக்கு ஒரு குணம். யார் முகத்துக்கு நேராகவும் அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. கடையில் நாளைக்குத் தருகிறேன் என்று ஒரே நாளுக்குப் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டு, பிறகு கண்விழித்து ஆணியடிப்பவர். சரிம்மா, இது உன்னுடையதுதான், யாருக்கும் கொடுக்கமாட்டேன், மாமனாரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். இப்போதைக்குக் குப்பத்தில் யாரிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் சொல்லி, ஃபிரேமை அவளிடமே கொடுத்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

மாமனாரிடம் அவர் பேசவில்லை. அலமாரியின் அடியில் அந்த வருஷம் மொத்தமாக வாங்கியதில் மிச்சமான நீல ஜெர்சி ஒன்று நம்பர் தைக்காமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மஞ்சள் துணியில் ஒரு ஏழு வெட்டித் தைத்துக் கொடு என்று மெஹரூன்னிசாவிடம் கேட்டார். எதற்கு என்று அவள் கேட்டதும் சொல்லிவிட்டார். அவளிடம் மட்டும் அவருக்கு மறைக்கத் தெரியாது.

"பொணத்துக்குப் போட்ற துணிங்க இது" என்றாள் அவள். "அதுல போயி பொய்யா?"

"வெறும் வைக்கோல் உருவம்தான மெஹர்."

"நமக்கு அது வைக்கோலு. அவருக்கு?"

அவர் ஜெர்சியை மிஷின்மேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மிஷினில் போய் உட்கார்ந்தாள். தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து, அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

ஜெர்சி புத்தம்புதிதாக இருந்தது. கடையின் மடிப்பு கூடப் போகவில்லை. அப்பாவு முகத்துக்கு நேரே இதை எப்படி நீட்டுவது? ஜஹாங்கீர் அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். உச்சிவெயில். உப்பளத்துப் பாத்திகளில் மழைத்தண்ணீரோடு கடல் கொண்டுவந்த சேறும் நின்றது. மைதானத்தில் நெட் இல்லை, கம்பம் ஒன்று சாய்ந்திருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. ஜெர்சியை மாட்டிக்கொண்டார். அவருக்கு அது தொடைவரை தொங்கியது. ஓட ஆரம்பித்தார். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார். மூச்சு வாங்கியதும் நின்று, நெட் இருந்த இடத்தில் கையைத் தூக்கிக் குதித்தார். முதுகு நனைந்து துணி ஒட்டிக்கொள்ளும்வரை ஓடினார். பிறகு கழற்றி, மண்ணில் ஒருமுறை புரட்டி, காயப்போட்டு, மறுபடி போட்டுக்கொண்டு ஓடினார். ஒரு பெரியவருடைய மனசுக்காகச் செய்கிறேன் என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டார்.

கருமத்தன்று கரையில் கூட்டம் அதிகமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இதே வேலை இருந்தது. வைக்கோல் உருவம் பாயில் கிடந்தது. ஜஹாங்கீர் கொண்டுபோன பொட்டலத்தை அப்பாவு ரெண்டு கையாலும் வாங்கினார். விரித்து, நம்பரைத் தடவினார். கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"ரத்தம் இருந்துச்சே பாய்."

"நாளாச்சு. மங்கிப் போச்சு" என்றார் ஜஹாங்கீர்.

அப்பாவு தலையாட்டினார். பிறகு அதை முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவேயில்லை. எடுத்தபோது அவர் முகம் வேறுமாதிரி இருந்தது. சுனாமிக்குப் பிறகு ஒரு சொட்டு அழாத மனிதர் என்று குப்பத்தில் பேசிக்கொள்வார்கள். இப்போது வாய்விட்டு அழுதார். தன் தங்கச்சியைக் கூப்பிட்டு, பாரு, எம் புள்ள வாசனை அப்படியே இருக்குது, மோந்து பாரு என்று நீட்டினார். அவளும் மோந்துவிட்டு நெஞ்சிலடித்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மோந்தார்கள். ஜஹாங்கீர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஒரு வார்த்தை அப்போது சொல்லியிருக்கலாம். வைக்கோல் எரிந்து அடங்குகிறவரை அவர் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தார். அஸர் தொழுகைக்குப் போய் நின்றபோது ஓத வேண்டியது எதுவும் வாயில் வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவு தெளிந்தார். அதுதான் ஜஹாங்கீரை வதைத்தது. ரோட்டோரத்தில் தார் ஷீட்டில் கட்டிக்கொடுத்த கொட்டகையில் இருந்துகொண்டு, மற்றவர்கள் பயந்து நின்ற நாளிலேயே மறுபடி கடலுக்குப் போனார். வலை விழுந்த நாளெல்லாம் ஒரு இலையில் மீன் சுற்றிக்கொண்டு கடைக்கு வருவார். டீ குடித்தபடி மகனைப் பற்றிப் பேசுவார். முன்பெல்லாம் தினம் கனவில் வந்து கரையில் நிற்பானாம், கருமம் ஆனதிலிருந்து வருவதில்லையாம், நல்லபடியாகப் போய்ச்சேர்ந்துவிட்டானாம். "எல்லாம் உன்னாலதான் பாய்" என்பார். அந்த மீனை மெஹரூன்னிசா ஒருநாளும் ஆக்கவில்லை. வாங்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவாள்.

சத்யப்ரியா நாகப்பட்டினம் போய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடிவிட்டுத் திரும்பினாள். ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்த பிறகு அவளே ஒருநாள், அவர் வரமாட்டாரும்மா என்று அம்மாவிடம் சொன்னாளாம். ஆடி கழிந்து குழந்தையைத் தூக்கிவந்து அப்பாவுவிடம் காட்டினாள். கருமத்துக்கு அவள் வராததில் மருமகளுக்கும் மாமனாருக்கும் நடுவே வந்திருந்த கசப்பு குழந்தை முகத்தில் கரைந்துபோனது. அப்பாவு அடிக்கடி வானூர் பஸ் ஏற ஆரம்பித்தார்.

வருஷம் திரும்பியது. டீம் கேப்டன் தமிழரசன், உப்பளத்து வேலை செய்யும் பிள்ளை, செத்தவர்கள் நினைவாக ஒரு போட்டி நடத்தினான். டிசம்பர் மாதம் கம்பம் நட்டு, புது நெட் கட்டி, சேறு வற்றிய மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஜஹாங்கீர்தான் ஸ்கோர். ஃபைனலுக்கு முன்னால் செத்துப்போன ஆட்டக்காரர்களின் வீட்டு ஆட்களை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போடுவது ஏற்பாடு. அப்பாவு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஷேர் ஆட்டோவிலிருந்து சத்யப்ரியா இறங்குவதை ஜஹாங்கீர் ஸ்கோர் பலகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். இடுப்பில் குழந்தை. இன்னொரு கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொருள். அளவைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தான் அறுத்த சட்டத்தின் அளவு தனக்குத் தெரியாதா. சாக்பீஸைப் போட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். அவர் போய்ச் சேருவதற்குள் தமிழரசன் மைக்கில் அவள் பெயரைச் சொல்லிவிட்டான். அவள் மேடையேறினாள்.

அவள் நல்லதைத்தான் நினைத்து வந்திருந்தாள். மாமனாரிடம் மகனுடைய பொருள் ஒன்றுகூட இல்லை, தன்னிடமாவது வயிற்றில் பிறந்தது இருக்கிறது என்று எண்ணிப்பார்த்து, இத்தனை நாள் தலைமாட்டில் வைத்திருந்ததை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று கொண்டுவந்திருந்தாள். கருமத்துக்கு வேறு ஏதோ துணி போட்டார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். காகிதத்தைப் பிரித்து ஃபிரேமை அப்பாவு மடியில் வைத்தாள். போன பொங்கலுக்கு முந்தின பொங்கலில் அவர் ஃபைனல் ஆடின ஜெர்சி, ஜஹாங்கீர் அண்ணன் பத்திரமாக வைத்திருந்து எனக்குக் கொடுத்தார், இனி இது மாமாவிடம் இருக்கட்டும் என்று மைக்கில் சொன்னாள். கூட்டம் கை தட்டியது.

அப்பாவு கண்ணாடிக்குள் பார்த்தார். கழுத்துப் பட்டியில் பழுப்பாக அந்தக் கறை இருந்தது. கண்ணாடியின் மேல் விரலை வைத்து அந்த இடத்தைத் தடவினார். தலை நிமிர்ந்து கூட்டத்தில் தேடி, ஜஹாங்கீரைக் கண்டுபிடித்து, பார்த்தார். மாலையைப் போடக் குனிந்துகொடுத்தார். மேட்ச் முடிகிறவரை அந்த நாற்காலியிலேயே இருந்தார். ஜஹாங்கீர் அன்று ரெண்டுமுறை புள்ளியை மாற்றிப் போட்டுவிட்டு, பிள்ளைகளிடம் திட்டு வாங்கினார்.

மறுநாள் கடை திறந்த சற்றைக்கெல்லாம் அப்பாவு வந்தார். ஃபிரேமை மேஜைமேல் வைத்தார்.

"அன்னிக்கு நான் கொளுத்தினது யாருது பாய்?"

ஜஹாங்கீர் எழுந்து நின்றார். சொன்னார். மிச்சமிருந்த ஜெர்சி, மெஹரூன்னிசா தைத்தது, சத்யப்ரியா வந்து தரையில் உட்கார்ந்தது, எல்லாம் சொன்னார். அப்பாவு எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது வேறு.

"மோந்து பாத்தனே. ஊரையே கூப்பிட்டு மோக்க வெச்சனே. அது யாரோட வேர்வை?"

"என்னுதுதான்."

அப்பாவு அவரை மேலும் கீழும் பார்த்தார். அடித்துவிடுவார் என்று ஜஹாங்கீர் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிழவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். ஜஹாங்கீருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இது இருக்கிறதே, இதை வைத்து மறுபடி முறையாகச் செய்துவிடலாம், செலவெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"ஒரு புள்ளைக்கு எத்தினி வாட்டி கொள்ளி வெக்கச் சொல்ற?" என்றார் அப்பாவு. அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். ஃபிரேம் மேஜைமேலேயே கிடந்தது.

அதன்பிறகு அவர் கடலுக்குப் போவது நின்றது. மகன் மறுபடியும் கனவில் வந்து கரையில் நிற்கிறான் என்று சொல்ல ஆரம்பித்தார். மனசார செய்தது போய்ச்சேராமல் இருக்காது என்று ஊர்ப் பெரியவர்கள் எடுத்துச் சொன்னார்கள். கேட்டுக்கொள்வார், மறுபடி கரையில் போய் உட்கார்ந்துகொள்வார். சாயங்காலமானால் குடிக்கவும் ஆரம்பித்தார். பேத்தியைப் பார்க்க வானூர் பஸ் ஏறுவதும் நின்றுபோனது.

சத்யப்ரியாவுக்கு எல்லாம் தெரியவந்ததும் கடைக்கு வந்தாள். இந்த முறை உட்காரவில்லை.

"நான் அப்ப பைத்தியமா இருந்தேண்ணா. புருசன் போனவ பைத்தியமாத்தான் இருப்பா. நீங்க தெளிவாத்தான இருந்தீங்க? குடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாம். நாலு நாள் அழுதிருப்பேன், திட்டியிருப்பேன். இல்ல, அவருகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம். ரெண்டு பேருக்கும் நல்லவரா இருக்கணும்னு பாத்தீங்க."

ஜஹாங்கீர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அவள் ஃபிரேமின் பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றித் தரும்படி கேட்டாள். அவர் குறடை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஓர் ஆணி சட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. வெல்வெட்டிலிருந்து ஜெர்சியைப் பிரித்து மடித்து அவளிடம் கொடுத்தார். அவள் அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு குப்பத்துக்குப் போனாள்.

அங்கே அவள் ஒரு மாதம் தங்கினாள் என்று பிறகு தமிழரசன் சொல்லித்தான் ஜஹாங்கீருக்குத் தெரியும். கொட்டகையைக் கூட்டி, சோறாக்கி, குழந்தையை மாமனார் பக்கத்தில் விட்டுவிட்டு, எதுவும் வற்புறுத்தாமல் இருந்தாளாம். பனியனைக் கொளுத்த வேண்டாம், அவர் போன இடத்துக்கே அனுப்பிவிடுவோம் என்று ஒருநாள் சொன்னாளாம். அப்பாவு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாசி மகம் கழிந்த ஒரு காலையில் அவராகவே எழுந்து, படகைத் தள்ள ஆள் கூப்பிட்டாராம்.

சேதி கேட்டு ஜஹாங்கீரும் கரைக்குப் போனார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அதனால் தூரத்தில், கவிழ்த்துப் போட்டிருந்த உடைந்த படகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அப்பாவும் தமிழரசனும் ஃபைபர் படகில் ஏறினார்கள். சத்யப்ரியா முழங்கால் தண்ணீரில் நின்று மஞ்சள் பையை நீட்டினாள். அலை உடைகிற இடத்தைத் தாண்டி, இன்ஜின் சத்தம் தேய்ந்து, படகு ஒரு புள்ளியாக ஆனது. அங்கே என்ன செய்தார்கள், அப்பாவு அழுதாரா, என்ன சொன்னார் என்று தமிழரசன் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது பை இல்லை. படகு மணலில் தட்டியதும், கரையில் நின்றவர்கள் எல்லோரும் இழுக்கக் கை கொடுத்தார்கள். அங்கே அதுதான் வழக்கம். யாருடைய படகானாலும் கரையில் நிற்கிறவன் கை வைப்பான். ஜஹாங்கீரும் ஓடிப்போய் விளிம்பைப் பிடித்தார். எதிர்ப்பக்கத்தில் அப்பாவு பிடித்திருந்தார். நிமிர்ந்தபோது ரெண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ கைய எடு பாய்" என்றார் அப்பாவு.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. ஜஹாங்கீர் கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். மற்றவர்கள் சத்தம் கொடுத்து இழுக்க, படகு மேலேறியது. சத்யப்ரியா மாமனாருக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். குழந்தை ஈர மணலில் கையை அடித்து விளையாடிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உப்பளத்து வரப்பு வழியாக அவர் நடந்தே வந்தார். அந்த வருஷத்து முதல் உப்பு வாரியிருந்தார்கள். வீட்டில் மெஹரூன்னிசா சோறு போட்டாள். கரையில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டே குழம்பை ஊற்றினாள். கையை எடுக்கச் சொல்லிவிட்டார் என்று அவராகவே சொன்னார். அவள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"நானும்தான தெச்சேன்" என்றாள்.

அப்பாவு அடுத்த வாரம் மறுபடி கடலுக்குப் போனார். குடி முழுவதுமாக நிற்கவில்லை, குறைந்தது. ஜஹாங்கீர் கடை வழியாகப் போக நேர்ந்தால் எதிர்ச்சாரிக்கு மாறிப் போவார். சத்யப்ரியா குழந்தையோடு அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். எப்போதாவது மரக்காணத்தில் எதிர்ப்பட்டால் நின்று, நல்லா இருக்கீங்களாண்ணா என்று கேட்பாள். அதற்கு மேல் பேச்சு வளராது.

அந்த வருஷம் சித்திரையில் ஒரு போட்டியில் டீம் ஜெயித்தது. ஜெயித்த பந்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் கடைக்கு வந்தார்கள். பாய், இதை எடுத்து வையுங்கள், யாருக்காவது ஆகும் என்றார்கள். ஜஹாங்கீர் பந்தைக் கையில் வாங்கி, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

"நீங்களே வெச்சிக்கோங்கப்பா" என்றார். "என்கிட்ட வேணாம்."